மூணாவது போஸ்ட்

வாங்க அண்ணாச்சி, வண்டிய இங்கன நெழல்ல விடுங்க. ப்ளாட் பாக்கத்தான வந்திய? தெரியுது, தெரியுது. இந்த அன்னலட்சுமி நகருக்கு ப்ளாட் பாக்க வாறவனத் தவிர வேற எவன் வாறான்? புரோக்கர் இப்பம் வந்துருவேன்னு சொல்லியிருப்பான். வர மாட்டான், சீக்கிரத்துல வர மாட்டான். என்னயக் கண்டா அவனுக்கு ஆவாது. நீங்க உக்காருங்க, இந்தா இந்தச் சேர்ல. தண்ணி குடிக்கியளா? நல்ல போர் தண்ணி, இனிக்கும்.

எது, அன்னா வேலிக்கல்லு நட்டிருக்கே, அந்த ப்ளாட்டா? நல்ல எடம். கெழக்கப் பாத்தது. காத்து பிச்சுக்கிட்டு வரும். ஆனா அட்வான்ஸ் குடுக்கதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ரோட்டுல இருந்து வரும்போது மொதல்ல ஒரு கரண்ட் போஸ்டு பாத்தியள்லா? அதுக்கு அடுத்தாப்புல ஒண்ணு. இன்னா, என் வாசல்ல ஒண்ணு. மூணு போஸ்டு. யாரு போட்டதுன்னு நெனைக்கிய? கவர்மெண்டுன்னு நெனைப்பிய. எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்காவ. நான் போட்டது அண்ணாச்சி! இந்தக் குற்றாலிங்கம் போட்டது. என் ரிட்டயர்மெண்ட் துட்டுதான் அந்தா கம்பியாத் தொங்குது. ஒரு பய ஒத்த பைசா தரல.

நான் ரேஷன் கடையில எடை போட்டவன். தல நரைக்கிற வரைக்கும் அதே வேலைதான். ரேஷன் கடை ஆளுன்னா ஊர்ல ஒரு சிரிப்பு சிரிப்பாவ. நீங்களும் சிரிக்கிய பாருங்க. சிரிங்க, சிரிங்க. ஆனா குற்றாலிங்கம் போட்ட அரிசியில ஒரு கைப்பிடி கொறஞ்சுதுன்னு இந்தப் பக்கத்துல ஒருத்தர் சொல்லட்டும், மீசைய எடுத்துருதேன். தராசு முள்ளு நடுவுல நிக்காம நான் தட்ட எறக்குனது இல்ல. எனக்குப் பாதின்னா பாதி, முழுசுன்னா முழுசு. அதனாலதான் எவங்கூடயும் எனக்கு ஒத்துவர மாட்டேங்கு.

சரி, விசயத்துக்கு வாறேன். ரிட்டயர் ஆன துட்டுல இந்த எடத்த வாங்குனேன். தெருக் கடைசி ப்ளாட்டு, வெல கொறவு. வீட்டுக்காரி அப்பமே சொன்னா. செண்பகவடிவுன்னு பேரு, வடிவுன்னுதான் கூப்பிடுவேன். "ரோட்டுப் பக்கமா வாங்குங்க, நாலு ஆளு நடமாட்டம் இருக்கும்"னா. நான் கேக்கல. வெலதான பாக்கணும்? ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, லாரித் தண்ணி எறக்கி, வீட்டக் கட்டி முடிச்சாச்சு. முடிச்சிட்டு கரண்ட் ஆபீசுக்குப் போனேன்.

அங்க ஒரு இன்ஜினியரம்மா. சின்ன வயசு, மரியாதையான புள்ள, அதையும் சொல்லணும்லா. நேருல வந்து எடத்தப் பாத்துட்டுச் சொல்லுது. "சார், மெயின் ரோட்டு போஸ்டோட லைன் முடிஞ்சுருது. உங்க வீட்டுக்கு இழுக்கணும்னா நடுவுல மூணு போஸ்ட் நடணும். எஸ்டிமேட் போட்டுத் தாறோம், அத நீங்க கட்டணும்."

"சரி தாயி, எனக்குப் பொறவு வாறவன்?"

"அவங்களுக்கு லைன் வாசல்லயே இருக்கும்லா சார். சாதாரண சார்ஜும் டெபாசிட்டும் கட்டுனாப் போதும்."

"அப்பம் போஸ்டுக்கு?"

"போஸ்டுதான் நீங்க போட்டாச்சே சார், திரும்ப எதுக்குப் போடணும்?"

கேக்கியளா அண்ணாச்சி? எனக்குத் தல கிறுகிறுன்னு வந்துட்டு. "அப்பம் அந்த மூணு போஸ்டும் எனக்குச் சொந்தமா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், துட்டு மட்டும்தான் உங்களுது, போஸ்டு ஆபீசோடது"ன்னு சிரிக்காமச் சொல்லுது. மண்டப வாடகையும் நானு, பந்திச் செலவும் நானு, மொய் மட்டும் அடுத்தவனுக்குங்க மாதிரி இருக்கா இல்லையா? என் முகத்தப் பாத்துட்டு அந்தப் புள்ளையே ஒரு யோசனை சொல்லிச்சு. "தெருவுல வேற யாரும் வீடு கட்டுறாங்கன்னா, எல்லாரும் பேசிப் பங்கு போட்டுக்கிடுங்க சார். யாரு கட்டுனாலும் எங்களுக்கு ஒண்ணுதான்." நல்ல யோசனைதான், நான் இல்லங்கல.

அப்பம் இந்தத் தெருவுல வீடு கட்டிட்டு இருந்தது ரெண்டே ஆளு. நான் ஒருத்தன், ஜெபராஜ் சார் ஒருத்தர். அன்னா ரெண்டாவது போஸ்டுக்குப் பக்கத்துல, பச்சை கேட்டு போட்டுப் பூட்டிக் கெடக்குல்லா, அந்த வீடு. பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார். சட்டைக்கு வெளிய எப்பமும் விசில் தொங்கும். அவருட்டப் போய், "சார், போஸ்டுச் செலவப் பாதிப் பாதி போட்டுக்கிடுவோம்"னேன். மனுசன் என்ன செய்தாரு தெரியுமா? ஒரு குச்சிய எடுத்து மண்ணுல கோடு போட்டாரு. "அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு ரெண்டு போஸ்டு போதும். மூணாவது போஸ்டு உங்களுக்கு மட்டும்தான? அந்த ரெண்டுல பாதிய நான் தந்துருதேன்"ங்காரு.

எப்பிடி இருக்கு பாருங்க! எடை போட்டவன்ட்டயே எடை சொல்லுதாரு. லைன்னா ஒரே லைன். அதுல உன் போஸ்டு என் போஸ்டுன்னு பிரிக்க முடியுமா? "மூணுல பாதின்னா பேசுவோம், இல்லன்னா நீங்களே உங்க ரெண்டப் போட்டுக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு அன்னைக்கே வெளங்கிட்டு. நாம போடட்டும், பின்னாலயே வந்து தொத்திக்கிடலாம்னு இருக்காரு.

மத்த ப்ளாட்டுக்காரன் எல்லாம் அவருக்கும் மேல. ஒருத்தன் துபாய்ல இருக்கான், ஒருத்தன் மெட்ராஸ்ல. போன் போட்டா, "நீங்க மொதல்ல போடுங்க சார், நாங்க வீடு கட்டும்போது பாத்துக்கிடலாம்." எப்பம்ப்பா கட்டுவ? "லைன் வரட்டும் சார்." என்ன மூளை பாத்தியளா? இவனுவளுக்கெல்லாம் நான் போஸ்டு நடணுமாம்.

பங்குப் பேச்சு அப்பிடியே நின்னுட்டு. ஜெபராஜ் சாரு லிண்டல் மட்டத்தோட வீட்டு வேலைய நிறுத்திட்டாரு. துட்டு இல்லன்னு வெளிய சொல்லிக்கிட்டாரு, நான் நம்பல. வீடு முடிஞ்சிட்டுன்னா கரண்டுக்கு அவசரம் வந்துரும்லா, அதான். நான் விடுவேனா? நாலு நாளைக்கு ஒருக்க கரண்ட் ஆபீஸ் பக்கம் போய், ஜெபராஜ்னு யாரும் கரண்டுக்கு எழுதிக் குடுத்திருக்காவளான்னு விசாரிப்பேன். ஒரு நா அந்த ஆபீஸ் வாசல் டீக்கடையில நிக்கேன், எதுக்கால அவரு நிக்காரு. கையில டீ. "என்ன அண்ணாச்சி இங்க?"ன்னாரு. "சும்மா, பில்லு கட்ட வந்தேன்"னேன். "நானும் பில்லு கட்டத்தான் வந்தேன்"னாரு. கரண்டே இல்லாதவன் என்னத்தப் பில்லு கட்டுவான்? அவரும் கேக்கல, நானும் கேக்கல. டீக்குத் துட்டு குடுத்துட்டு ஆளுக்கொரு பக்கமாப் போனோம்.

இதுக்கு நடுவுல தை மாசம் நல்ல நாள் வந்துட்டுன்னு ஜெனரேட்டர் சத்தத்துல பால் காய்ச்சிக் குடியும் வந்துட்டோம். சித்திரை வெயில் எப்பிடி இருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? புது வீடு, பூச்சு காயல, உள்ள நொழைஞ்சா இட்லிச் சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி அவியுது. வடிவு ஈரத்துணிய மேல போட்டுக்கிட்டுத் தரையில கெடப்பா. "கட்டித் தொலைங்களேன்"பா. நான், "இன்னும் ஒரு மாசம் பொறு, அவரு எறங்கி வருவாரு"ம்பேன். அவரு எறங்கி வரல. கல்லு நெஞ்சு.

இதுல என்ன ஆச்சுன்னா, எங்க மவ செல்வி, ஒரே மவ, ராஜபாளையத்துல குடுத்திருக்கு, அவ உண்டாயிருந்தா. ஏழாம் மாசம் வளைகாப்பு. வளையல் போட்டு அன்னைக்கே தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வாறது எங்க வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான நடக்கணும்? வடிவு விடியுமுன்ன எந்திச்சு புளிச்சோறு, தேங்காச்சோறுன்னு கிண்டிக் கட்டிக் கொண்டு வந்தா. எல்லாம் முடிஞ்சு, மவளக் கூப்பிடுத நேரம். சம்பந்தியம்மா சபையில வச்சு, எல்லாரும் கேக்கச் சொல்லுதாவ. "கரண்டு வந்த பொறவு கூட்டிட்டுப் போங்க மதினி. வயித்துப்புள்ளக்காரி இந்தப் புழுக்கத்துல, இருட்டுக்குள்ள எப்பிடிக் கெடப்பா?" மருமவன் தரையப் பாத்துக்கிட்டு நிக்காரு. செல்வி அழுதா.

பஸ்ல வாற வழியெல்லாம் வடிவு காலிப் பாத்திரம் ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தியக் கொளுத்தி வச்சுட்டு, "நாளைக்குப் போய்க் கட்டுங்க"ன்னா. "எவனுக்கோ போஸ்டு நடவா நான் காலமெல்லாம் அரிசி அளந்தேன்?"னு கேட்டேன். "எவனுக்கோ இல்ல, நம்ம புள்ளைக்கு"ன்னா. அவளுக்கு வெவரம் பத்தாது அண்ணாச்சி. துட்டு பேங்க்லதான் இருந்துச்சு, கட்டியிருக்கலாம். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா? இவ்வளவு நாளு பொறுத்துட்டு, இப்பம் போய்க் கட்டுனா அவரு ஜெயிச்ச மாதிரி ஆயிராது?

கடைசில மவ தாய்வீட்டுக்கு வரல, தாய்க்காரி மவ வீட்டுக்குப் போனா. சம்பந்தி வீட்டு அடுக்களையில நின்னு மவளுக்குச் சோறு வடிச்சா. நான் இங்கன ஒத்தையாக் கெடந்தேன். போனுக்குச் சார்ஜ் போடணும்னாக்கூட மெயின் ரோட்டு டீக்கடைக்குத்தான் போவணும். பேரன் பொறந்த சேதி வரும்போது என் போனு அந்தக் கடை பிளக்குல தொங்குது. டீக்கடைக்காரன் எடுத்துப் பேசியிருக்கான். நான் போய் நின்னா, "அண்ணாச்சி, பேரன் பொறந்திருக்கான்!"னு மிட்டாய் பாட்டிலத் தொறந்து நீட்டுதான். தாத்தாவுக்கு முன்னால டீக்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தவனெல்லாம் மிட்டாய் தின்னுட்டான்.

அந்த ஆத்தரத்துல மறுநாளே போய் முழுசையும் கட்டிட்டேன்.

புரட்டாசியில போஸ்டு வந்து எறங்குச்சு. குழி தோண்டி நிறுத்தி, கம்பி இழுத்து, மீட்டரும் மாட்டிட்டாவ. சும்மா சொல்லப்படாது, வேலை சுத்தம். அன்னைக்கே ஹால்ல ஃபேன மாட்டி, பக்கத்துலயே தொட்டில் கட்ட ஒரு கொக்கியும் அடிச்சேன். உள்ள வந்து பாருங்க, இருக்கு. இன்னும் அதுல ஒரு சேலையக் கட்டல.

ஆனா ஜெபராஜ் சாரு? லைன் வந்த வாரமே எழுதிக் குடுத்தாச்சு! சாதாரண சார்ஜு. என் போஸ்டுல இருந்து இழுத்தாச்சு. லிண்டலோட நின்ன வீடு விறுவிறுன்னு எந்திச்சுட்டு. கார்த்திகையில குடும்பத்தோட வந்துட்டாவ. வந்த அன்னைக்கு ஒரு டப்பா கேக்கும், கூட ஒரு கவரும் கொண்டாந்தாரு. கவரத் தொறந்தா ரெண்டு போஸ்டுக்குப் பாதி. எண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. மூணுல பாதி இல்லல்லா? திருப்பிக் குடுத்துட்டேன். கேக்கு டப்பாவ மட்டும் வடிவு வாங்கி வச்சுக்கிட்டா.

என்ன அப்பிடிப் பாக்கிய? ஒத்த பைசா தரலன்னு சொன்னேன்னா? வாங்குனாத்தான அண்ணாச்சி தந்ததுன்னு கணக்கு? நான்தான் வாங்கலயே.

வடிவு அப்பம் மவ வீட்டுல இருந்து திரும்பி வந்திருந்தா. ஜெபராஜ் சார் வீட்டம்மா ரோஸ்லின் டீச்சரும் இவளும் அப்பிடி ஒட்டிக்கிட்டாவ. இங்க சொதி வச்சா அங்க போவும், அங்க மீன் வச்சா வாசம் மட்டும் இங்க வரும், நாங்க சைவம். பொங்கலுக்குச் செல்வி பேரனத் தூக்கிட்டு வந்து ஒரு மாசம் இருக்கதுன்னு பேச்சு. டீச்சரு அவனுக்குன்னு ஒரு கம்பளித் தொப்பி பின்னிட்டு இருந்தாவ. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. பங்க மட்டும் அவரு தந்திருந்தாருன்னா எனக்கு அவருமேல ஒரு வருத்தமும் கெடையாது.

மார்கழியில ஒரு நா சாயங்காலம் வெளிய வாறேன், அவரு மொட்டமாடியில இம்மாம்பெரிய நட்சத்திரம். கிறிஸ்மஸ்க்குத் தொங்க விடுவாவள்லா, காகிதத்துல, உள்ள பல்பு போட்டு, அது. தெருவே பளபளன்னு இருக்கு. அது எரிய எரிய எனக்கு வயிறு எரியுது. கேட்டுக்கு வெளிய நின்னு சொன்னேன். "ஸ்டாரு நல்லா எரியுது சார். எல்லாம் நம்ம போஸ்டு உபயம்." அவ்வளவுதான் சொன்னேன். ஒரு கெட்ட வார்த்த பேசல, கையக் கால நீட்டல. உள்ள அவரு சொந்தக்காரங்க, வேதக்கோயில் ஆளுவ எல்லாம் பாட்டுப் பாட வந்திருந்தாவளாம், அது எனக்கு எப்பிடித் தெரியும்? அவரு ஏணியச் சாத்தி ஏறி, நட்சத்திரத்தக் கழத்தி உள்ள கொண்டு போயிட்டாரு. கிறிஸ்மஸ் அன்னைக்கும் அந்த மாடி இருட்டாத்தான் கெடந்துச்சு. நான் எரிக்காதியன்னா சொன்னேன்?

தை பொறந்ததும் பள்ளிக்கூடத்துப் பக்கத்துலயே வாடகைக்கு வீடு பாத்துப் போயிட்டாவ. சொந்த வீட்டப் பூட்டிட்டு வாடகை வீட்டுக்குப் போற ஆள நீங்க பாத்திருக்கியளா? போகும்போது டீச்சர் அந்தத் தொப்பியக் கொண்டாந்து வடிவு கையில குடுத்துட்டுப் போனாவ. வடிவு அத வாங்கிக்கிட்டு, என்னய ஒரு பார்வை பாத்தா. மறுநா, "ரெண்டு நாள் செல்வி வீட்டுல இருந்துட்டு வாறேன்"னு போனவதான். இப்பம் பங்குனி ஆச்சு. பொங்கலுக்கு வாறேன்ன செல்வியும் வரல.

கூப்பிட்டா வர மாட்டேங்கா. "அந்தத் தெருவுல ஒரு மனுச முகம் உண்டுமா? பச்சப்புள்ளைக்கு ஒரு காச்சல் கீச்சல்னா அவசரத்துக்கு யாரக் கூப்பிட? பக்கத்துல ஒரு வீட்டுல ஆளு வரட்டும், மறுநாளே புள்ளையக் கூட்டிட்டு வாறோம்"ங்கா. செல்வியும் அதையேதான் சொல்லுதா. என் பேரன் இந்த வீட்டுல இன்னும் ஒரு ராத்திரி தூங்குனது இல்ல அண்ணாச்சி. புழுக்கம்னாவ, ஃபேன் போட்டாச்சு. இருட்டுன்னாவ, தெரு லைட்டும் வந்தாச்சு. இப்பம் ஆளு இல்லங்காவ. ஆளுக்கு நான் எங்க போவேன்?

அதான் உங்களயக் கண்டதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். முகத்தப் பாத்தாலே குடும்பஸ்தர்னு தெரியுது. வாங்குங்க, தாராளமா வாங்குங்க. லைன் வந்தாச்சு, போஸ்டு உங்க ப்ளாட்டு மொனையிலயே நிக்கி, ஆபீசுல சாதாரண சார்ஜு கட்டுனா கரண்டு வந்துரும். அது ஆபீசுக்கு. எனக்கு மூணுல பாதி. அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்கல.

ஏன் எந்திக்கிய? இருங்க, புரோக்கர் வந்துருவான். போன வாரம் வந்த பேங்க்காரரும் இப்பிடித்தான். புருசனும் பொண்டாட்டியுமா வந்தாவ, எடம் புடிச்சிருக்குன்னாவ, நான் சொன்னது எல்லாத்தையும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாவ. போனவியதான். அதுக்கு முன்னால ஒரு நர்ஸம்மா. நல்ல குணம், அவிய வந்திருந்தா பச்சப்புள்ளைக்கு எவ்வளவு ஒத்தாசை! புரோக்கர் நான்தான் வெரட்டுதேன்னு ஊரெல்லாம் சொல்லுதான், சவத்துப்பய. நானா வெரட்டுதேன்? சேர் போட்டு, தண்ணி குடுத்துல்லா பேசிக்கிட்டு இருக்கேன்?

செத்த இருங்க, போன் வருது. வடிவுதான்.

சொல்லு... ஆமா. ஆமா, ப்ளாட் பாக்க ஒரு அண்ணாச்சி வந்திருக்காவ... நல்ல மாதிரிதான்... இல்ல, சொல்லல. சத்தியமாச் சொல்லல வடிவு, போஸ்டப் பத்திப் பேச்சே எடுக்கல. சும்மா தண்ணிதான் குடுத்தேன்... அது என்ன சத்தம்? அவனா?... தவழுதானா? எப்பம் இருந்து?... சரி, சரி, வை. அண்ணாச்சி காத்துக்கிட்டு இருக்காவ.

கேட்டியளா? தவழுதானாம். பாத்திரத்த எல்லாம் இழுத்துப் போடுதானாம்.

அண்ணாச்சி, அந்த ஹெல்மெட்டக் கழத்துங்க. மூணுல பாதி வேண்டாம், விடுங்க. ரெண்டுல பாதி தாங்க. வாத்தியாரு சொன்ன கணக்கே இருக்கட்டும், நான் என்னத்தக் கொண்டு போவப்போறேன்? அதுவும் சாஸ்தியா? சரி, கால் பங்கு. வண்டிய மொதல்ல அமத்துங்க, நீங்க சொல்லுதது கேக்கல. கால் பங்கும் வேண்டாம். ஒத்த ரூவா. ஒத்த ரூவா தாங்க போதும், இந்தா போஸ்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லித் தாங்க. வாங்கிட்டேன்னு எனக்கும் ஒரு இது இருக்கும்லா? அதுக்குப் பொறவு போஸ்டுங்க பேச்சு என் வாயில வராது. நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்க, தண்ணி எல்லாம் நான் தாறேன், கொத்தனாருக்கு டீ கூட நான் வாங்கித் தாறேன்.

சில்லறை இல்லையா? இருங்க, இருங்க, போயிராதிய, என் பையில கெடக்கு. இந்தா. இதப் புடிங்க. புடிச்சு எனக்கே தாங்க அண்ணாச்சி.